தீராத தலைசுற்றல், உள்காதுக் கோளாறு: பெங்களூரில் வைத்தியம் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் எந்தத் தெருவில் விசாரித்தாலும், "எங்க அத்தைக்கும் தலைசுத்தல்தான், வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடறாங்க" என்று ஒருவராவது சொல்வார். எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். அம்மாவுக்கு உள்காதில் துகள் நகரும் வகை, எனக்கு மைக்ரேன் வகை. நான் டாக்டர் இல்லை. சொந்தக்காரர்களும் ஆபீஸ் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்குப் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் சொன்னபடிதான்.

எந்தத் தலைசுற்றலுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

திடீரென்று சுற்ற ஆரம்பித்து, கூடவே பேச்சு குழறுகிறது, முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கை கால் மரத்துப்போகிறது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, இதுவரை வராத கடுமையான தலைவலி வருகிறது, சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதம் பார்ப்பதற்கு வெறும் தலைசுற்றலும் வாந்தியுமாகவே இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிபி, சர்க்கரை, சிகரெட் என்று ஏதாவது இருக்கிறவர் புதிதாகத் தலைசுற்றி வாந்தி எடுத்தால், "பித்தம்தான், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடு" என்று அந்த நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ ஈஎன்டி டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். இரண்டு வாரம் போய்விட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம், நாள்பட்டுச் சீழ் வடிகிற காதோடு தலையும் சுற்றினால் அதையும் தள்ளிப் போடாதீர்கள். உள்ளே எலும்பை அரிக்கும் நோய் உள்காது வரை போயிருக்கலாம்.

முதலில் யாரைப் பார்ப்பது? ஈஎன்டியா, நியூராலஜிஸ்ட்டா?

அவசரம் இல்லையென்றால் முதலில் பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவரே போதும். ரத்தசோகை, சர்க்கரை குறைதல், பிபி மாத்திரை அதிகமாகிப் போதல் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். காது இரைச்சல், காது மந்தம், காது அடைப்பு கூட இருந்தால் ஈஎன்டி. தலைவலி, வெளிச்சம் கூசுதல், நடை தள்ளாடுதல் என்றால் நியூராலஜிஸ்ட். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைத்தான் ஈஎன்டிக்காரர் நரம்பு டாக்டரிடமும், நரம்பு டாக்டர் ஈஎன்டியிடமும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டால், சமநிலைக் கோளாறுகளை மட்டும் தனியாகப் பார்க்கும் பிரிவு உள்ள இடத்துக்குப் போவது நல்லது.

டாக்டர் இரண்டே நிமிஷம்தான் பார்க்கிறார். அதற்குள் என்ன சொல்வது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. டெஸ்ட்டைவிட நீங்கள் சொல்லும் விவரத்திலிருந்துதான் பெரும்பாலும் காரணம் பிடிபடுகிறது. "தலை சுத்துது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வழக்கமான மாத்திரை எழுதித்தான் அனுப்புவார். இரண்டு விவரம் கட்டாயம் வேண்டும்: ஒரு தடவை வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்யும்போது வருகிறது.

படுக்கையில் புரளும்போது சில விநாடி சுற்றி, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கினால் அது உள்காதில் துகள் நகரும் வகையாக இருக்கலாம். காரணமே இல்லாமல் வந்து 20 நிமிஷம் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, கூடவே ஒரு காது அடைத்து இரைந்தால் மெனியர் என்ற உள்காது நோயைச் சந்தேகிப்பார்கள். ஒரே நாளில் தொடங்கி நாள் கணக்கில் விடாமல் சுற்றி, மெதுவாகக் குறைந்தால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் அது காதே இல்லை, பிபி. மாதக்கணக்கில் மிதப்பது போல ஒரு தள்ளாட்டம் என்றால் அது வேறு கதை, கீழே வருகிறது.

வீடு சுற்றுகிறதா, நீங்கள் சுற்றுகிறீர்களா, மயக்கம் வருகிறாற்போல் இருக்கிறதா, தரை அமிழ்கிறதா, இதையும் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம், பெங்களூரில் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டால் கையால் சுற்றிக் காட்டினாலே போதும். எல்லாவற்றையும்விட உபயோகமான ஒரு காரியம்: சுற்றல் வரும்போது வீட்டில் இருக்கிறவரைச் செல்போனில் உங்கள் கண்களை நெருக்கமாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கருவிழி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது நிபுணருக்குப் பெரிய சாட்சி. கிளினிக்குக்குப் போகும் நாளில் சுற்றல் வரவே வராது, அது என்னவோ எல்லோருக்கும் அப்படித்தான்.

படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றுகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தலைசுற்றல் வகைகளில் அதிகம் பேருக்கு வருவதும், சுலபமாகச் சரியாவதும் இதுதான். பிபிபிவி என்று எழுதுவார்கள். கொத்தனாரின் ரசமட்டம் போல, உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. அவற்றுக்குப் பக்கத்துப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, சில சமயம் காரணமே தெரியாமலோ அவை பிரிந்து குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைத்து நிறுத்திய பிறகும் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். மூளை அதைச் சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. உங்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. கண் துடித்தால் எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். உடனே அதே கட்டிலில் எப்ளி முறை செய்யலாம். தலையையும் உடம்பையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் நிறுத்தி, துகளை வந்த வழியே வெளியேற்றுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடுகிறது. அம்மா வருஷக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரை செய்யாததை இந்தக் கட்டில் வேலை பத்து நிமிஷத்தில் செய்தது. அதற்கு முன் பார்த்த எந்த டாக்டரும் அவரைப் படுக்கவைத்துப் பார்த்ததில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பார்கள். எந்தக் காது என்று டாக்டர் ஒருமுறை சொன்ன பிறகு செய்யலாம். பக்கம் தெரியாமல் செய்தால் பலன் இருக்காது. கழுத்தெலும்பில் பெரிய கோளாறோ கண் விழித்திரைப் பிரச்சினையோ இருந்தால் வீட்டில் முயல வேண்டாம். இது திரும்ப வருவதும் சகஜம். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது. வெயிலே படாமல் ஏசி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

கழுத்து எக்ஸ்ரே எடுத்து "ஸ்பாண்டிலோசிஸ், அதனால்தான் தலைசுற்றல்" என்று பட்டை போடச் சொன்னார்களே?

நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்குக் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும், தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும்தான். நிஜமாகவே சுழல்கிற தலைசுற்றலுக்குத் தேய்மானம் காரணமாவது அபூர்வம். மேலே அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறது என்றதும் கழுத்தைக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள். துகள் நகர்வதற்கும் அதே அசைவு போதும். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு அசையாமல் இருப்பது, சமநிலையை மூளை திரும்பக் கற்றுக்கொள்வதையும் தாமதப்படுத்தும்.

மாதக்கணக்கில் வெர்டின், ஸ்டூஜெரான், ஸ்டெமெட்டில் சாப்பிடலாமா?

மூன்றும் ஒன்றல்ல. ஸ்டெமெட்டிலும் ஸ்டூஜெரானும் சுற்றலையும் வாந்தியையும் அடக்குபவை. கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு உதவும். அதற்குமேல் நீட்டினால் தூக்கக் கலக்கம், மூளை சமாளித்துக்கொள்வதில் தாமதம் என்று வேறு தொல்லை. வயதானவர்கள் மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கம், நடை விறைப்பு என்று பார்க்கின்சன் மாதிரி அறிகுறிகளே வரலாம். அப்பா திடீரென்று மெதுவாக நடக்கிறார், முகத்தில் உணர்ச்சியே இல்லை என்றால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

வெர்டின் என்பது பீட்டாஹிஸ்டின். பெரிய பக்கவிளைவு இல்லாதது, அதனால்தான் தாராளமாக எழுதுகிறார்கள். ஆனால் மெனியர் நோய்க்கு அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது சந்தேகம்தான். 2016இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வில் 221 பேருக்கு ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எல்லோருக்கும் தாக்குதல் குறைந்தது. துகள் வகைக்கு மாத்திரை அடிப்படைத் தீர்வே அல்ல. உங்கள் சீட்டில் "வெர்டிகோ" என்று மட்டும் எழுதி மருந்து நீண்டுகொண்டே போனால், "எதனால் வருகிறது டாக்டர், எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?" என்று கேட்டுவிடுங்கள். அதிலே மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்? எல்லாம் தேவையா?

காது கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம் அனேகமாக எல்லோருக்கும் தேவை. செலவும் குறைவு, தகவலும் அதிகம். மெனியர் சந்தேகம் இருந்தால், காது மந்தமாகத் தெரியும் நாளிலேயே எடுப்பது நல்லது.

விஎன்ஜி என்பது கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி இருட்டில் கண்ணசைவைப் பதிவு செய்வது. அதன் ஒரு பகுதியாக, காதில் வெதுவெதுப்பாகவும் குளிர்ச்சியாகவும் தண்ணீரோ காற்றோ செலுத்துவார்கள். சில நிமிஷம் நன்றாகவே சுற்றும், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். இந்தச் சோதனைக்கு அடிப்படை போட்ட ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்தபோது மனிதர் ரஷ்யாவில் போர்க்கைதி. விஹிட் என்பதில் தலையைச் சட்டென்று லேசாகத் திருப்பி, கண் இலக்கை விட்டு நழுவுகிறதா என்று பார்ப்பார்கள். விஎன்ஜிக்கு இரண்டு நாள் முன்பிருந்து தலைசுற்றல் மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். பிபி, சர்க்கரை, வலிப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் காது மந்தமானாலோ, நரம்பு சம்பந்தமான அறிகுறி இருந்தாலோ கேட்பார்கள். தனியார் இடங்களில் எல்லாச் சோதனையையும் ஒரே பேக்கேஜாகக் கட்டித் தருவார்கள். பரிசோதனைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் பேசினால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

எம்ஆர்ஐ நார்மல். ஆனால் மாதக்கணக்கில் மிதக்கிறேன். மனநோய் என்கிறார்களே?

உள்காதில் ஒரு கோளாறு வந்து ஆறின பிறகும், உஷார் நிலையிலேயே மூளை தங்கிவிடுவது உண்டு. மூன்று மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம். நிற்கும்போதும் நடக்கும்போதும் கூடும். சில்க் போர்டு டிராஃபிக், மால், மெட்ரோ எஸ்கலேட்டர், செல்போன் திரையை வேகமாகத் தள்ளுவது எல்லாம் தொல்லையைக் கிளப்பும். இதற்கு பிபிபிடி என்று பெயர். உலக அளவில் நிபுணர்கள் இதற்கான வரையறையை 2017இல் வெளியிட்டார்கள். அதனால் பழைய டாக்டர்கள் சிலருக்கு இது பழக்கமில்லை.

ஸ்கேனில் தெரியாது என்பதால் கற்பனை என்று ஆகிவிடாது. சமநிலைப் பயிற்சி, எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை (மனச்சோர்வுக்கும் கொடுப்பது), மனநல ஆலோசனை மூன்றும் சேர்ந்து உதவுகின்றன. "பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை" என்று வீட்டில் யாராவது சொன்னால், ஒரே மருந்து பல வேலைக்குப் பயன்படும் என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விட்டுவிட்டு மாத்திரையைச் சாப்பிடுங்கள்.

தலைவலியே இல்லை. மைக்ரேன் என்றால் எப்படி நம்புவது?

நானும் நம்பவில்லை. ஆனால் மைக்ரேன் உடம்புக்காரர்களுக்குச் சுற்றல் தலைவலி இல்லாமலும் வரும். ஐந்து நிமிஷம் முதல் மூன்று நாள் வரை இருக்கலாம். அந்த நேரத்தில் வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, இருட்டறையில் படுக்கத் தோன்றும். சின்ன வயதில் பஸ் ஏறினால் வாந்தி, அம்மாவுக்கோ பாட்டிக்கோ ஒற்றைத் தலைவலி என்று குடும்பக் கதையும் பெரும்பாலும் இருக்கும்.

தூக்கம் கெடுவதும் சாப்பாட்டு நேரம் தவறுவதும் பெரிய தூண்டுதல்கள். நைட் ஷிப்ட், அதற்கு மேல் சஷ்டி விரதம் என்று வயிற்றைக் காயப்போட்டால் மறுநாள் கட்டாயம் மாட்டிக்கொள்வேன். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் வரும். அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து உண்டு: ஃப்ளுனரிசின், ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவை. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் ஆகாது, மறக்காமல் சொல்லுங்கள்.

மெனியர் என்று சொல்லிவிட்டார்கள். உப்பை அடியோடு விட வேண்டுமா?

1861இல் பாரிஸில் ப்ரோஸ்பர் மெனியர், இந்த மாதிரிச் சுற்றலுக்குக் காரணம் உள்காது என்று எடுத்துச் சொன்னார். அதிலிருந்து இன்றுவரை முழுக் காரணம் பிடிபடவில்லை. உப்பைக் குறைப்பதற்கு ஆய்வு ஆதாரம் பலமாக இல்லை. ஆனால் கெடுதல் இல்லாத யோசனை என்பதால் எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், பலர் குறைந்ததாகவும் சொல்கிறார்கள்.

அடியோடு விடுவது நடக்கிற காரியமும் இல்லை. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்லும் அளவு. சாம்பாரில் போடும் உப்பைவிட ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரி பப்ஸ், பாக்கெட் சிப்ஸ் இவற்றில் ஒளிந்திருக்கும் உப்புதான் அளவைத் தாண்டவைக்கிறது. தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் எப்படி என்பது நியாயமான வருத்தம்தான். ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி போடுவார்கள். ஸ்டீராய்டு ஒரு வகை. ஜென்டாமைசின் இன்னொரு வகை. அது அந்தக் காதின் சமநிலைச் செல்களையே அழித்துச் சுற்றலை நிறுத்துவது. அதில் கேட்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு, மற்றக் காதின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு வியாதிக்கு ஊசி போட்ட பிறகு நடக்கவே முடியவில்லை. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். ரத்தத்தில் ஏற்றும் ஜென்டாமைசின், காசநோய்க்கு முன்பு பரவலாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவை சிலருக்கு இரண்டு காதின் சமநிலையையும் கெடுத்துவிடும். அவர்களுக்குச் சுற்றலே இருக்காது. நடக்கும்போது பஸ் போர்டில் எழுத்து குதிக்கும், இருட்டில் தள்ளாடும். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், மருந்தின் பெயர் அதில்தான் இருக்கும்.

பயிற்சி செய்தால் சரியாகும் என்கிறார்கள். செய்தால் இன்னும் சுற்றுகிறதே?

முதல் சில வாரம் லேசாகச் சுற்றத்தான் செய்யும், அப்போதுதான் மூளை கற்றுக்கொள்கிறது. கட்டை விரலையோ சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தையோ பார்த்தபடி தலையை இடம் வலமாக அசைப்பது, ஒரு காலுக்கு நேராக இன்னொரு காலை வைத்து நடப்பது, இப்படிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். செய்து முடித்த பிறகு வெகுநேரம் அடங்காமல் இருந்தால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற ஃபிசியோதெரபிஸ்ட் அல்லது ஆடியாலஜிஸ்ட் சொல்லிக்கொடுத்தால் நல்லது. எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

பெங்களூரில் எங்கே போகலாம்? வேலூருக்கே போய்விடலாமா?

நரம்பு சம்பந்தமாக இருந்தால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ். கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஈஎன்டிக்கு சிவாஜிநகர் பவுரிங், கே.ஆர். மார்க்கெட் பக்கம் விக்டோரியா, இரண்டும் அரசு ஆஸ்பத்திரி. கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலும் ஈஎன்டி, நியூராலஜி இரண்டும் இருக்கின்றன. காது கேட்கும் சோதனைகளுக்கு லிங்கராஜபுரத்தில் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, கேள்வி நிறுவனம். மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் மத்திய அரசுடையது.

வேலூர் சிஎம்சி நல்ல இடம்தான். காட்பாடிக்கு ரயில் இருக்கிறது, தமிழில் பேசலாம் என்பதும் பெரியவர்களுக்குத் தெம்பு. ஆனால் படுக்கையில் புரண்டால் சுற்றும் வகைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பயிற்சிக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்லும் நோய் என்றால் உள்ளூர்தான் வசதி.

காதில் நல்லெண்ணெய் விடலாமா? பனிக்குப் பஞ்சு வைத்தால் போதுமா?

வேண்டாம். எண்ணெய் உள்காதுக்குப் போவதே இல்லை, செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குப் போய்த் தொற்றுதான் வரும். மார்கழிக் குளிரில் பஞ்சும் மஃப்ளரும் சுகமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலுக்கு அது மருந்தல்ல.

அப்பாவுக்கு 75 வயது. எழுந்தால் தள்ளாடுகிறார், வயசுதான் என்கிறார்கள்.

படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிஷத்துக்குள்ளும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் பிபி மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம். அப்புறம் துகள் வகைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்கள் "சுத்துது" என்று சொல்லாமல் "தள்ளுது" என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு, பாத்ரூமில் ஒரு கைப்பிடி, இரண்டையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டலாமா?

முன்னறிவிப்பே இல்லாமல் சுற்றல் வருகிற காலத்தில் ஓட்டக் கூடாது. துகள் வகை சரியாகி, தலையைச் சட்டென்று திருப்பினாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். அதுவரை பஸ்ஸில் உட்கார இடம் பிடித்து, முன்னால் தூரமாகப் பார்த்துக்கொண்டு போங்கள். செல்போன் பார்க்காதீர்கள். ஏணியில் ஏறி மாடித் தொட்டி கழுவுவது, தனியாக நீச்சல் அடிப்பது இரண்டுக்கும் இதே விதிதான்.